தீவுப் பனைக்குச் சொந்த ஊர் எழுமலை

படிக்காதவர் செய்யும் தவறு அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். படித்தவர் செய்யும் தவறுக்குத்தான் ப்ரொஜெக்டர் போட்டு, முன்வரிசையில் சால்வையோடு ஆட்களை உட்காரவைத்து, இடைவேளையில் டீயும் சமோசாவும் கொடுப்பார்கள். என் தவறுக்குப் பாதி சமோசா மிஞ்சிப்போனது. சிரிக்கிற வாயில் சமோசா எப்படி இறங்கும்?

என் பெயர் பாண்டீஸ்வரி. உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே உள்ள எழுமலைதான் ஊர். இப்போது ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வகுப்பில் ரொம்பக் கண்டிப்பானவள் என்று பெயர். (இந்தக் கட்டுரை மாணவர்கள் கையில் கிடைத்தால் அந்தப் பெயர் அன்றோடு போச்சு.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் முதுகு வளைந்தவர்கள். அப்பா ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக அறுபது சென்ட் நிலம் வாங்கினார். அதன் வரப்பில் ஒற்றைப் பனை நின்றது. நிலத்தைவிட அந்தப் பனைமேல்தான் அவருக்குப் பெருமை அதிகம். பட்டாவை ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்ட முடியாது. பனை ரோட்டிலிருந்தே தெரியும்.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பும் பனைதான். ஆனால் தீவில் நிற்கிற பனை. மன்னார் வளைகுடாவில் ஆள் குடியில்லாத குட்டித் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் பனைகள் உண்டு. அங்கே அவை எப்படி வந்தன? மீன்பிடிக்கப் போனவர்கள் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையா, இந்தக் கரையிலிருந்து மிதந்து போன பழமா, அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒதுங்கியதா? மரத்தைக் கேட்டால் சொல்லாது. அதன் மரபணு சொல்லும். தீவுப் பனையின் இலையையும் கரைப் பனைகளின் இலையையும் அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட பத்து இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான். எத்தனை பொருந்துகிறதோ அத்தனை நெருங்கிய சொந்தம்.

என் நெறியாளர் ரஹீமா மேடம். கோரிப்பாளையத்துக்காரர். கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். ரொம்பக் கோபம் வந்தால் உருதுவில் முணுமுணுப்பார். பேசாமல் இருந்துவிட்டால் நாம் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான்.

தீவுக்குப் போக அனுமதி வாங்கவே பத்து மாதம் ஆனது. வாங்கியபின் ஒரு சித்திரை மாதத்தில் வனக்காவலர் ஒருவரோடு படகில் ஏறினேன். அதுவரை நான் பார்த்த பெரிய நீர்நிலை வண்டியூர் தெப்பக்குளம். அதிலும் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. கடலில் கால் மணி நேரம் போனதும் காலையில் தின்ற இட்லியை இழந்தேன், அரை மணியில் முந்தின நாள் சோற்றை இழந்தேன். கரை ஏறும்போது என்னிடம் மிச்சம் இருந்தது லட்சியம் மட்டும்தான்.

அந்த லட்சியத்தோடு நான்கு நாள், படகில் போவதும் வருவதுமாக, வெயிலில் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு இருபத்துநான்கு பனைகளில் இலை பறித்தேன். ஒவ்வொரு இலைத்துண்டையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, ஈரத்தை உறிஞ்ச நீலநிறச் சிலிக்கா மணிகளைக் கொட்டி (புதுச் செருப்புப் பெட்டியில் குட்டிப் பொட்டலமாக இருக்குமே, அதேதான்), மேலே மார்க்கரால் எண் எழுதினேன். நோட்டில் அந்த மரம் ஆணா பெண்ணா என்றும் குறித்துக்கொண்டேன். கவர்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கினேன். எல்லா ஜிப்பையும் ஒழுங்காக மூடினேனா என்று யாராவது கேட்டால், அந்த நேரத்தில் நான் என் வாயை மூடிவைக்கவே போராடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் பதில்.

மதுரை மாட்டுத்தாவணியில் வந்து இறங்கிய அன்று அழகர் ஆற்றில் இறங்கும் நாள். கோரிப்பாளையம் பக்கம் ஊசி நுழைய இடமில்லை. கல்லூரியும் பூட்டு. எனக்கோ காய்ச்சல் அனலாகக் கொதித்தது. என் அண்ணன் ராசுவுக்கு போன் போட்டேன். அவன் லோடு வண்டி ஓட்டுகிறான். எழுமலையிலிருந்து காய்கறி ஏற்றிப் பரவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து எழுமலைக் கடைகளுக்குத் தக்காளி ஏற்றிப் போவான். ரிங் ரோடு வழியாகச் சுற்றி வந்துசேர்ந்தான்.

"என்ன பாப்பா, ஆளு பாதியா வந்திருக்க?"

"மீதிய கடல்ல விட்டுட்டேண்ணே."

"இந்தப் பொட்டிய எங்குட்டு வைக்க?"

"பத்திரம்ணே. ஒரு வருச உசுரு அதுல இருக்கு."

"நீ முன்னாடி ஏறிப் படு. நான் பாத்துக்கிறேன்."

ஏறிப் படுத்தேன். வீடு வந்தது தெரியாது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, துடைத்துப் பளபளவென்று அந்தப் பெட்டி இருந்தது. அண்ணன் இளநீரோடு நின்றான். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இளநீர் வெட்டினான். சின்ன வயதில் என் பங்கு முறுக்கைப் பிடுங்கித் தின்றவன். அண்ணன்காரன் இத்தனை அன்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று ஆராய்ச்சி முறைகள் பாடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தால் இலைகள் அப்படி ஒரு நல்ல நிறத்தில் இருந்தன. 'மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடச் சிறந்த நிலையில் உள்ளன' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். (அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. அடிக்கோடு இரண்டு.)

ஒப்பிடுவதற்காகக் கரைப் பனைகளின் இலையையும் முன்பே சேர்த்திருந்தேன். கடலோர ஊர்களில் சில, பரவைக் கண்மாய்க் கரையில் சில, எழுமலைக்குப் போனபோது எங்கள் வரப்புப் பனையில் ஒன்று. நான்கு மாத உழைப்புக்குப் பிறகு முடிவு வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

இருபத்துநான்கு தீவுப் பனைகளும் பத்துப் பொருத்தத்திலும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தன. அதாவது இருபத்துநான்கும் மரபணுவில் ஒரே மரம். அதைவிடப் பெரிது, அந்த ஒரே மரம் எழுமலையில் எங்கள் வரப்பில் நிற்கிற மரம்.

புத்தி உள்ளவள் இங்கே நின்று, "எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது" என்று சொல்லியிருப்பாள். மேடமும் அதைத்தான் சொன்னார்.

"பாண்டீஸ்வரி, திரும்பப் பண்ணு."

பண்ணினேன். அதே விடை. இன்னொரு தடவையும் பண்ணினேன். அதே விடை. (அதே இலையை அரைத்தால் வேறென்ன வரும்?)

"கமிட்டி முன்னாடி பேசுற செமினாரத் தள்ளி வைம்மா. எனக்கு இது சரியாப் படல."

"மேடம், மூணு தடவை வந்துருச்சு. இது டிஸ்கவரி மேடம்."

மேடம் பேசவில்லை. அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் என் தலைக்குள் ஏற்கெனவே ஒரு கோட்பாடு பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்திருந்தது. அது இப்படி: முன்னொரு காலத்தில் எழுமலைப் பனங்கொட்டை ஒன்று வைகை வெள்ளத்தில் மிதந்து கடலுக்குப் போய்த் தீவில் முளைத்தது. உப்புக்காற்று பட்டதும் அது துணையில்லாமலேயே தன்னைப்போலவே பிள்ளைகளைப் பெறக் கற்றுக்கொண்டது. (அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட்டால்தான் வைகையில் தண்ணீர். அந்த ஆறு என் கொட்டையைக் கடல்வரை சுமந்துபோனதாம்!)

வீட்டில் சொன்னேன். "அப்பா, அந்தத் தீவுல நிக்கிற அம்புட்டுப் பனையும் நம்ம வரப்புப் பனையோட வம்சம்."

அப்பா கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்தார். "நம்ம மரமா?"

"நம்ம மரந்தான்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய், பனை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அண்ணன் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

"ஏண்டா, ரசம் ஊத்தல?" என்றார் அம்மா.

"போதும்மா, வகுறு என்னமோ செய்யிது."

மறுநாள் அவன் என்னிடம் தனியாக வந்தான். "பாப்பா, எதுக்கும் இன்னொருக்கா தீவுக்குப் போயி இலை பறிச்சாந்து பாரேன். வேணும்னா நானும் கூட வாரேன்."

"அண்ணே, உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியலதான்..." என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டான். தங்கை பெரிய ஆளாகிவிட்டாளே என்று பாவம் கலங்குகிறான் என நினைத்துக்கொண்டேன். அவனை நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது.

செமினாருக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. ஒரு பக்கம் தீவு, ஒரு பக்கம் எங்கள் பனை, நடுவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய நான். 'கடல் கடந்த பனைகளின் தாய்வீடு எழுமலையே என உலகுக்கு நிரூபித்த முனைவர் பாண்டீஸ்வரி' என்று எழுதியிருந்தது. முனைவர் பட்டம் வர இன்னும் எவ்வளவோ இருந்தது. உலகத்துக்கும் இன்னும் சொல்லவில்லை. அப்பா யாரிடமும் கேட்காமல் செய்த முதல் ஃப்ளெக்ஸ் அது. எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண்ணின் முகம் அந்த பஸ் ஸ்டாண்டில் பெரிதாக நின்றதும் அதுதான் முதல்முறை. மேடம் இன்னொரு தடவை "தள்ளி வைக்கலாமே" என்றபோது எனக்கு அந்த ஃப்ளெக்ஸ்தான் கண்ணில் நின்றது.

"இல்ல மேடம். பேசுறேன்."

"பேசு. அடி வாங்குனாத்தான் சில பாடம் ஏறும்."

செமினார் அன்று அண்ணனின் லோடு வண்டியில் அப்பா, அம்மா, தெருச்சனம் ஏழெட்டுப் பேர் வந்து பின்வரிசையை நிறைத்தார்கள். முன்வரிசையில் கமிட்டி. திருச்சியிலிருந்து வந்திருந்த வெளி நிபுணர் ஒருவர். வெள்ளைத் தாடி, பஞ்சு மாதிரிக் குரல். (மெதுவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.)

நாற்பது நிமிடம் பேசினேன். எழுமலையிலிருந்து கடல்வரை சிவப்பு அம்பு போட்ட வரைபடத்தைக் காட்டியபோது பின்வரிசை கைதட்டியது. முடித்து, தண்ணீர் குடித்து, "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

நிபுணர் கையைத் தூக்கினார். "ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா. ஒரே ஒரு சின்னச் சந்தேகம். ஏழாவது ஸ்லைடுக்குப் போங்க."

போனேன்.

"பதினஞ்சு பெண் மரம், ஒன்பது ஆண் மரம்னு போட்டிருக்கீங்க. நீங்களே பாத்ததா?"

"ஆமா சார். பெண் மரத்துல நுங்கு, ஆண் மரத்துல பாளை. ஒவ்வொண்ணாப் பாத்து எழுதினேன்."

"சந்தோசம். இப்பப் பதினோராவது ஸ்லைடு. இருபத்துநாலும் ஒரே மரம்கிறீங்க. உங்க ஊர் மரம் ஆணா, பெண்ணா?"

"பெண் சார். வருசா வருசம் நுங்கு வெட்டுவோம்."

"அந்தப் பெண் மரம் தீவுல ஒன்பது இடத்துல மட்டும் எப்படிம்மா ஆம்பளையா நிக்குது?"

ஆண் பனை ஆண்தான், பெண் பனை பெண்தான். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஏழாவது ஸ்லைடையும் பதினோராவது ஸ்லைடையும் செய்தவள் நான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நான்கு மாதம் நேரமில்லை.

பின்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று வந்தது. "அதானே?"

நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. "சார், உப்புக்காத்து பட்டா..." என்று தொடங்கினேன். யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அடுத்தவர் இருமினார். அப்புறம் முழு அரங்கமும் உடைந்தது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது.

அப்போதுதான் அண்ணன் எழுந்தான்.

"சார், சிரிக்காதீங்க சார். என் தங்கச்சி மேல தப்பில்ல. அந்த இலை எங்க வீட்டு மரத்து இலைதான்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"வண்டியில தக்காளிப் பொட்டி சரிஞ்சு இவ பொட்டி மேல விழுந்துருச்சு சார். மூடி தெறிச்சு, ஜிப்பு மூடாத கவருலருந்து எல்லா இலையும் கொட்டித் தக்காளியில ஊறிப் போச்சு. இவ காய்ச்சல்ல கெடக்கா. அலசிக் காய வச்சுப் பாத்தேன். எந்த இலை எந்த நம்பருன்னு தெரியல. மாத்தி வச்சுட்டா தப்பாயிரும்ல? அதான் எல்லாத்துக்கும் பொதுவா எங்க மரத்துல வெட்டி, அதே அளவுக்கு நறுக்கி, நல்லாக் காய வச்சு வச்சேன். அந்த நீல மணியையும் அலசிக் காயப் போட்டேன் சார். பனைன்னா பனைதான? வாழையா வச்சேன்?"

ரஹீமா மேடம் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார். "யா அல்லா!" என்று மட்டும் கேட்டது. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அரங்கத்திலேயே அதிகம் சிரித்தவர் அவர்தான்.

நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, இருபத்துநாலு கவர்லயும் அந்த ஒரே மரத்து இலைதானா?"

"சத்தியமா சார். ஒண்ணுலருந்து இருபத்துநாலு வரைக்கும் வரிசையா வச்சேன்."

அவர் கமிட்டியைப் பார்த்துத் திரும்பினார். "ஒண்ணு கவனிச்சீங்களா? தெரியாமலே ஒரே மரத்தை இருபத்துநாலு தடவை பரிசோதிச்சிருக்கு இந்தப் பொண்ணு. இருபத்துநாலு தடவையும் ஒரே விடை. இலைதான் தப்பு. கை சுத்தம்." பிறகு என்னிடம், "ஆறு மாசம் தர்றோம்மா. இலையை நீங்களே எடுத்துட்டு வாங்க" என்றார்.

அப்பா எழுமலையில் இறங்கியதும் நேரே போய் ஃப்ளெக்ஸைக் கழற்றினார். ஆணி ஒவ்வொன்றையும் பிடுங்கி, துணியை மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணி கழித்து அம்மா கதவைத் தட்டினார்.

"அழுது முடிச்சிட்டியா?"

"இல்ல."

"சட்டுனு முடி. தீவுக்கு மறுபடி போகணும்னா எந்த ஆபீசுக்கு மனு எழுதணும்? உங்கண்ணன் பேப்பரும் பேனாவும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

எழுந்து முகத்தைக் கழுவினேன். கோபம் அண்ணன்மேல் இருந்ததைவிட என்மேல்தான் அதிகம் இருந்தது. இலையை மாற்றி வைத்தவன் அவன். பொய்யான விடை கண்ணெதிரே நின்றபோது, அது எனக்குப் பிடித்த விடை என்பதால் கேள்வி கேட்காமல் விட்டவள் நான். பட்டத்தை வாங்காமல் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். (நிற்காமல் எப்படி பஸ் ஏறுவது என்று அப்போது தோன்றவில்லை. அடுத்த ஆறு மாதம் ஒரு நிறுத்தம் முன்னதாகப் போய்த்தான் ஏறினேன்.)

அனுமதி இந்த முறை இரண்டு மாதத்தில் வந்தது. ரஹீமா மேடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அண்ணன் வண்டியை ஒரு நண்பனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தான். படகில் பத்தாவது நிமிடமே அவன் வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டான். நான் கால் மணி நேரம் தாங்கினேன். அதில் ஒரு சின்ன சந்தோஷம். தீவில் அவன் தொரட்டி பிடிக்க, நான் பறித்து, ஒவ்வொரு ஜிப்பையும் இரண்டு பேரும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தோம்.

வரும் வழியில் பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான். கூட்டம் நெருக்கியது.

"அண்ணே, பொட்டிய மேல போட்டுட்டு நெருங்கி உக்காருங்க, அந்தம்மாவும் உக்காரட்டும்" என்றார் கண்டக்டர்.

"நான் வேணா மேல போறேன், பொட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றான் அண்ணன். சொன்னதோடு நிற்காமல் எழுந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.

இம்முறை விடை நான் ஆசைப்பட்டது மாதிரி வரவில்லை. உண்மை மாதிரி வந்தது. பெரும்பாலான மரங்கள் இந்தப் பக்கத்துக் கடலோர ஊர்களின் பனைகளுக்குச் சொந்தம். சில மரங்கள் நான் சேர்த்த எந்த மரத்தோடும் ஒட்டவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று சொல்ல யாழ்ப்பாணத்து இலை வேண்டும், என்னிடம் அது இல்லை, ஆகவே தெரியாது என்று எழுதினேன். எழுமலைப் பனைக்கும் தீவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் ஒரு வரி எழுதினேன். அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "சரி, போகட்டும். நம்ம மரம் நம்மகிட்டயே இருக்குல்ல" என்றார்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் இப்படி எழுதினேன்: 'மாதிரிகளை இரண்டாம் முறை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த என் அண்ணன் ராசுவுக்கு நன்றி.' அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாப்பா, அந்த 'இரண்டாம் முறை'ய மட்டும் எடுத்துரேன்."

"முடியாதுண்ணே. ஆராய்ச்சின்னா உண்மையத்தான் எழுதணும்."

அன்றோடு தொடங்கியது. அவன் கடைக்குப் போய் எதை வாங்கி வந்தாலும், "இது மொத முறையா, ரெண்டாம் முறையா?" என்று அம்மா கேட்பார். அவன் ஒரு விஷயத்தைச் சத்தியம் பண்ணிச் சொன்னால், "சரி, ரெண்டாம் முறை சொல்லு" என்பார் அப்பா. பரவை மார்க்கெட்டில் ஏற்றி இறக்குகிறவர்கள் வரைக்கும் இது பரவிவிட்டது. அவன் பெயரைச் சொன்னால் தெரியாதவர்கூட, "ரெண்டாம் முறையா? அந்தா நிக்கிறாரு" என்று வழி காட்டுவார்.

போன தை மாதம் அவனுக்குக் கல்யாணம். மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாலியை எடுத்துப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோன நேரத்தில் அம்மா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். மந்திரம் சொல்பவரின் மைக் பக்கத்திலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது:

"ராசு, பாத்துக் கட்டு. இதுக்கு ரெண்டாம் முறை கெடையாது."

முதலில் சிரித்தது மணப்பெண்தான். நாத்தனார் முறைக்கு மூன்றாவது முடிச்சு என்னுடையது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைப் போடுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.